எந்த வேண்டாம்

நான் வேலை பார்த்த கிளினிக்கில் நோயாளிகளிடம் ‘நீங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்’ என்று சொல்லக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே, கிளினிக்கை நடத்திய அம்மாள் என்னைத் தனியாக உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இன்னும் தாழ்ந்துபோகும்.

“‘மஸ்ட்’ என்ற வார்த்தையை இங்கே விட்டுவிடு. ‘இப்படிச் செய்து பார்க்கலாமா’ என்று கேள். உடம்பு அவர்களுடையது” என்றார்.

நான் நாகர்கோவில்காரி. பிசியோதெரபி படித்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நேர்மாறான பழக்கம். ‘நடக்கணும் பாட்டி, நடக்கலன்னா படுத்த படுக்கைதான்’ என்று அதட்டுவோம். அதட்டாத பெண்ணை நோயாளிகளே நம்ப மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டுகள் போதவில்லை என்று நம் ஊரிலிருந்து ஆளெடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. நியூ ஜெர்சியின் வடக்குப் பக்கம், பேட்டர்சனை ஒட்டிய ஒரு சிறிய ஊர். கிளினிக்குக்கு ஒரு பக்கம் துணி துவைக்கும் கடை, மறுபக்கம் டயர் கடை. நாலு தெரு தள்ளிப் போனால் துருக்கிக்காரர்களின் ரொட்டிக் கடைகளும் டீக்கடைகளும் வரும். அங்கிருந்து எங்களிடம் வருபவர்கள் நிறைய. முதுகுவலி, முட்டிவலி, உடைந்து சேர்ந்த மணிக்கட்டு. ஆங்கிலம் பாதி, சைகை பாதி. ‘யெஸ் யெஸ்’ என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் வந்தால் கை போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படி ஒரு இலையுதிர் காலத்தில் வந்தவர்தான் அந்த பெயின்டர். வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை. சொந்தமாக ஒரு வேன், கூடவே மூன்று நான்கு ஆட்கள். வலது தோளில் தசை கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, கையைத் தூக்கக் கற்றுக்கொள்ள எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். பெயின்ட் வாளியைத் தூக்கும்போது கால் தடுக்கியது என்று அவருடைய ஃபைலில் எழுதியிருந்தது. கூடவே மனைவி வருவார். சிகிச்சை முடியும்வரை மூலை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். கணவரை எல்லோரும் ‘உஸ்தா’ என்று கூப்பிடுவார்கள் என்று முதல் நாள் அந்த மனைவிதான் சொன்னார். நம் ஊரில் மேஸ்திரி என்கிற மாதிரி. மனைவியை நான் ‘அப்லா’ என்றேன், துருக்கியில் அக்கா. எனக்கு உஸ்தா வைத்த பெயர் ‘கிஸிம்’. என் மகளே என்று பொருள். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உஸ்தாவும் மற்றவர்கள் மாதிரி ‘யெஸ் யெஸ்’ ரகம்தான். எனக்கு அலுத்துப்போனது. ஒரு சனிக்கிழமை லைப்ரரிக்குப் போய், ஓரம் கிழிந்த ஒரு துருக்கி இலக்கணப் புத்தகத்தை எடுத்துவந்தேன். என்னோடு அபார்ட்மென்டைப் பகிர்ந்துகொண்ட திருச்சிப் பெண் சோபாவில் படுத்திருந்தாள். அவளும் பிசியோதெரபிஸ்ட், வேறொரு ஆஸ்பத்திரியில்.

“என்னடி இது? டிரைவிங் டெஸ்டுக்குப் படிக்கச் சொன்னா டர்க்கிஷ் படிக்கிற?”

“பேஷன்டுக்குப் புரியணும்ல?”

“அவங்க இங்கிலீஷ் கத்துக்கட்டும். யூ ஆர் நாட் பெய்ட் ஃபார் திஸ்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் புத்தகத்தைப் பிரித்த அன்று மாலையே எனக்கு ஒரு சந்தோஷம் தொற்றிக்கொண்டது. நம் தமிழ் மாதிரியே வினை கடைசியில் வந்தது. சொல்லின் வாலில் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. ஆங்கிலம் கற்கும்போது தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது. இங்கே காலை ஊன்றி நிற்க முடிந்தது. வணக்கம், எண்கள், கிழமைகள் எல்லாவற்றையும் தாண்டி நேராக எனக்கு வேண்டிய பாடத்துக்குப் போனேன். கடமையைச் சொல்வது, அறிவுரை சொல்வது. நாள் முழுக்க எனக்கு வேலையே அவை இரண்டும்தானே.

அந்தப் பாடம் முதலில் கொடுத்தது ‘மலி’ என்ற ஒட்டு. ‘யப்’ என்றால் செய். ‘யப்மலிசினிஸ்’ என்றால் நீங்கள் செய்ய வேண்டும். முன்னால் வரும் உயிரெழுத்தைப் பார்த்து அதே ஒட்டு ‘மெலி’ என்றும் மாறும். குளிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த முறை உஸ்தா வந்ததும், முதுகை நிமிர்த்திக்கொண்டு, “வீட்டில் இதை தினமும் யப்மலிசினிஸ்” என்றேன்.

அவர் தோள் பயிற்சிக்கான கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மூலையிலிருந்த மனைவியும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“தப்பா சொல்லிட்டேனா?”

“தப்பே இல்ல மகளே, ரொம்ப சரி” என்றார் உஸ்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ரேடியோல மந்திரி பேசற மாதிரி சரி. ‘குடிமக்கள் மரம் நட வேண்டும்’. யாராவது நட்டாங்களா?”

அப்லா எழுந்து பக்கத்தில் வந்தார். சிகிச்சைக்கு நடுவில் அவர் வாயைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டுக்குள் ‘லாஸிம்’ என்று சொல்வார்களாம். ‘யப்மனிஸ் லாஸிம்’, நீங்கள் செய்வது அவசியம். “‘மலி’ன்னா சொல்றவங்க மனசுல இருக்கறது. ‘லாஸிம்’னா யாரு சொன்னாலும் சொல்லாட்டாலும் அது அவசியந்தான். மாவு தீர்ந்துபோச்சு, வாங்கணும். அந்த மாதிரி.”

அன்றிலிருந்து அவர்கள் வரும் நேரம் இரண்டு பேருக்கும் சிகிச்சை நேரமாகிவிட்டது. உஸ்தாவுக்குத் தோள், எனக்கு நாக்கு. அவர்கள் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். உண்மையில் அது துருக்கியும், பெயின்ட் கடை ஆங்கிலமும், என் தடுமாற்றமும் சேர்ந்த ஒரு கலவை.

‘யப்சனிஸ் இயி ஒலுர்’ என்ற வாக்கியத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. செய்தால் நன்றாக இருக்கும். ‘செய்தால்’ ஒரு சொல், ‘நன்றாக’ ஒரு சொல், ‘இருக்கும்’ ஒரு சொல். ஒரு எழுத்து மிச்சமில்லாமல் நம் வாக்கியம். யாரையும் புண்படுத்தாமல் புத்தி சொல்ல நம் வீடுகளில் பெரியவர்கள் பயன்படுத்தும் அதே குழைவு. கிளினிக் அம்மாளுக்கு இது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலே ‘ஸொருந்தா’ என்று ஒன்று உண்டு. செய்தே தீர வேண்டும், தப்பிக்க வழியில்லை. ‘ஸொர்’ என்றால் கஷ்டம், பலவந்தம். எங்கிருந்தோ வந்து நம்மிடம் ‘ஜோர்’ ஆகி, நாம் ‘ஜோரா இருக்கு’ என்று கைதட்டுகிற அதே சொல்தான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அங்கே அழுத்தம், இங்கே பாராட்டு.

ஒவ்வொன்றையும் உஸ்தாவிடம் போட்டுப் பார்த்தேன். எந்தச் சொல்லுக்கு அந்தக் கை மேலே போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“வீட்ல பயிற்சி செஞ்சா நல்லா இருக்கும், உஸ்தா.”

“கண்டிப்பா நல்லா இருக்கும்” என்பார்.

“செய்யறது அவசியம்.”

“அவசியந்தான். உலகத்துல அவசியமானது எவ்வளவோ இருக்கு.”

“செஞ்சே ஆகணும்!”

அப்போது மட்டும் சிரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். “யாரு சொல்றா? நீயா, டாக்டரா?” என்றார்.

கை மட்டும் ஏறவே இல்லை. சுவரில் மரத்தால் செய்த சிறிய படிகள் பதித்த ஒரு சட்டம் இருக்கும். விரல்களால் ஒவ்வொரு படியாகத் தொற்றி மேலே ஏற வேண்டும். விரல் ஏணி என்போம். உஸ்தாவின் விரல்கள் முகத்தின் உயரம்வரை போகும், அங்கே நின்றுவிடும். அடுத்த வாரமும் அதே படி. அதற்கடுத்த வாரமும் அதே. அவரைப் படுக்கவைத்து நானே கையைத் தூக்கினால் தடையில்லாமல் காதோரம்வரை வருகிறது. தசைக்கும் பலம் வந்துவிட்டது. தானாக ஏறச் சொன்னால் மட்டும் ஏறவில்லை. ஆபரேஷனில் ஏதாவது கோளாறோ என்றுகூட யோசித்தேன்.

டிசம்பரில் ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உஸ்தா உள்ளே வந்தார். கோட்டு மாட்டும் கொக்கிகளில் கீழ்வரிசை நிரம்பியிருந்தது. டயர் கடைக்காரரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நனைந்த கனத்த கோட்டைக் கழற்றி, வலது கையால் மேல்வரிசைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, பேச்சைத் தொடர்ந்தார்.

அன்று அப்லா வரவில்லை. நான் எதுவும் சொல்லாமல் அவரை விரல் ஏணிக்கு முன்னால் நிறுத்தினேன். விரல்கள் வழக்கமான படியில் நின்றன. நான் கோட்டைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். கொக்கி அவர் தலைக்கு மேலே இருந்தது. கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

“கை நல்லாதான் இருக்கு. எனக்குத் தெரியும்” என்றார்.

“அப்புறம் ஏன்?”

கொஞ்ச நேரம் டவலை மடித்தார், பிரித்தார். பிறகு துருக்கியில், எனக்காக மெதுவாகச் சொன்னார். “கை ஏறும். நான்தான் ஏற மாட்டேன்.”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. வாளியும் இல்லை, கால் தடுக்கவும் இல்லை. ஆகஸ்டில் ஒரு வீட்டின் பின்பக்கச் சுவரில், கூரையை ஒட்டிய பலகைக்கு அவர் தனியாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஏணி நழுவியது. மழைநீர்க் குழாயை வலது கையால் பிடித்துத் தொங்கினார். தோளில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். பிடி விட்டதும் கீழே வேலிச் செடிமேல் விழுந்தார். ஆட்கள் முன்பக்கம் ரேடியோ வைத்துக்கொண்டு வேலையில் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. எழுந்து ஏணியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாளி கதையைச் சொல்லியிருக்கிறார். பதினைந்து வயதிலிருந்து ஏணியில் நின்ற மனிதர். இப்போது இரண்டாவது படியில் கால் வைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது, கண் இருட்டுகிறது.

“என் ஆளுங்களுக்கு இது தெரிஞ்சா நான் உஸ்தாவா?” என்றார். “மகளே, இங்க சிகிச்சை முடியற கடைசி நாள் உன் அப்லாவும் கூட வருவா. அவ முன்னால நீ சொல்லு. உனக்குப் பிடிச்ச அந்த ‘மலி’யவே போட்டுச் சொல்லு. ‘சிக்மமலிசினிஸ்’. இனிமே ஏணில ஏறக் கூடாதுன்னு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன், தெரபிஸ்ட் தடை போட்டுட்டான்னு.”

வாரக்கணக்கில் அவரிடம் ‘செய்ய வேண்டும்’ என்று சொல்ல நான் மொழி தேடிக்கொண்டிருந்தேன். அவரோ ‘செய்யக் கூடாது’ என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக் அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இல்லாத தடையை நாம் சொல்ல முடியாது” என்றார். பிறகு, “ஏணி ஏறவும் பயிற்சி கொடுக்கலாமே. பின்னறையில் ஒன்று இருக்கிறது. அவருக்கு விருப்பமா என்று கேட்டுப் பார்” என்றார். அவர் வழி எப்போதும் கேள்விதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதர் வந்து, நீ எனக்காகத் தீர்மானம் பண்ணு என்று கெஞ்சுகிறார். அவரிடம் உங்கள் விருப்பம் என்ன என்று கேட்பது மரியாதையா, கைகழுவலா?

அந்த வாரம் முழுவதும் ‘வேண்டும்’ என்ற சொல் மனதில் உருண்டுகொண்டிருந்தது. துருக்கியில் ஆசைக்கு ஒரு சொல், கடமைக்கு வேறு சொல். நமக்கு இரண்டும் ஒன்று. ‘எனக்குக் காப்பி வேண்டும்’ என்பதும் வேண்டும்தான், ‘நான் வேலைக்குப் போக வேண்டும்’ என்பதும் வேண்டும்தான். அதன் எதிர்ப்பதம் இன்னும் மோசம். நான் அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு தடவை, சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடி, “நீ போக வேண்டாம் மக்களே” என்றார். தடுக்கிறாரா? இல்லை, வீட்டு நிலைமைக்காக நீ கஷ்டப்படத் தேவையில்லை என்று என்னை விடுவிக்கிறாரா? நான் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் கேட்க நினைப்பேன். சர்ச்சுக்குப் போனாயா, குளிர் எப்படி என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜனவரியில் அப்லா தனியாக வந்தார். மதிய இடைவேளை நேரம். பஸ்ஸில் வந்திருந்தார், கையில் ஒரு டப்பா நிறையக் கீரை வைத்துச் சுட்ட மடிப்பு ரொட்டி. அதை என் முன்னால் வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“அவர் சொல்றாரு, கடைசி நாள் நீ ஏதோ சொல்லப் போறியாம். ஏணியப் பத்தி.”

எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உஸ்தா என்னிடம் நம்பிச் சொன்னதை நான் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. “மெர்திவென், ஹாயிர்” என்றேன். ஏணி, வேண்டாம். என் நினைப்பில் அது அப்பா சொன்ன வேண்டாம். துருக்கியில் வெறும் ‘இல்லை’யாகப் போய் விழுந்தது.

அப்லா தலையைச் சாய்த்தார். “எந்த ஹாயிர்? ‘சிக்மமலி’யா? இல்ல, ‘சிக்மசினா கெரெக் யோக்’கா?”

ஏறக் கூடாதா? இல்லை, ஏறத் தேவையில்லையா? நான் விழித்தேன். நான் விளக்கம் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் பாடம் நடத்துகிற அதே குரலில் பிரித்துச் சொன்னார்.

“கூடாதுன்னா, அவர் கை கெட்டுப்போச்சு. ஆயுசுக்கும் சரியாகாது. நான் அதுக்குத் தகுந்த மாதிரி வீட்டப் பாத்துக்கணும். தேவையில்லன்னா, கை நல்லா இருக்கு. ஏறினாலும் ஏறலாம், ஏறாட்டாலும் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ரெண்டும் ஒண்ணில்ல.”

தமிழில் என்றால் நான் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருப்பேன். கேட்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். இந்த மொழியில் ஒளிந்துகொள்ள அப்படி ஒரு மூலை இல்லை.

“கெரெக் யோக்” என்றேன். “தேவையில்லை.”

அவர் பொத்தானை விட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. “அப்போ கை நல்லா இருக்கு” என்றார் தனக்குத்தானே. மூன்று மாதமாக அவர் மூலையில் உட்கார்ந்து எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி நாள் இருவரும் வந்தார்கள். உஸ்தா ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். விரல் ஏணிக்குப் போய், விரல்களை வழக்கமான படியில் நிறுத்தினார். பிறகு தீர்ப்பு கேட்பவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

“உஸ்தா, நீங்க இனிமே ஏணில ஏறத் தேவையில்ல” என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம். ஒட்டுகள் எல்லாம் சரியாக விழுந்தன.

அவர் முகம் சுருங்கியது. “தேவையில்லையா? வீட்டுக்கு வந்தவங்ககிட்ட, செருப்பக் கழட்டத் தேவையில்லன்னு சொல்வாங்களே, அதுவா? நான் உன்கிட்ட கேட்டது இதில்ல, மகளே.”

“என்கிட்ட இருக்கறது இதுதான். தடை இல்ல. கட்டாயமும் இல்ல.”

“இத வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட என்னன்னு சொல்றது?”

பதில் மூலையிலிருந்து வந்தது. “விழுந்தேன்னு சொல்லுங்க” என்றார் அப்லா.

உஸ்தா திரும்பவில்லை. விரல்கள் இன்னும் அந்தப் படியில் இருந்தன.

“அன்னிக்கு ராத்திரி உங்க சட்டையத் துவைக்க எடுத்தேன். காலருக்குள்ள இலை இருந்தது. முதுகுல முள்ளு கீறின கோடு. வாளியில எங்க இருக்கு இலை?” அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. “நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க கையத் தூக்கறதே இல்ல. கையும் போச்சு போலன்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே போச்சு.”

டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. நான் கட்டிலில் விரித்திருந்த துணியைச் சரிசெய்தேன், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. உஸ்தா மெதுவாக விரல்களை அடுத்த படிக்கு நகர்த்தினார். அதற்கடுத்ததற்கும். கடைசிப் படிவரை போய், அங்கே கையை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். “பாத்துக்கோ” என்றார். அப்லா அழுதுகொண்டே சிரித்தார்.

கிளம்பும்போது கிளினிக் அம்மாள் தன் அறையிலிருந்து வந்து, பின்னறை ஏணியைப் பற்றி, விருப்பமிருந்தால் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் நயமாகக் கேட்டார். உஸ்தா என்னைக் கை காட்டினார். “நோ நீட். ஷி டோல்ட் மீ” என்றார் ஆங்கிலத்தில். கோபமா, கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் விடைபெறாமலே போய்விட்டார். அப்லா மட்டும் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் பல வாரங்கள் அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. நான் சொன்னது சரிதானா என்று அடிக்கடி யோசித்தேன். என் அறைத்தோழியிடம் சொன்னபோது, “அந்த மனுஷன் கேட்டதச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? உனக்கென்னடி நஷ்டம்?” என்றாள். பிறகு சிறிது நேரம் கழித்து, “ஆனா அப்படிச் சொல்லியிருந்தா அந்த ஆன்ட்டி பாவம். லைஃப் பூரா அந்தக் கை போச்சுன்னே நினைச்சிருப்பாங்க” என்றாள்.

ஏப்ரலில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பெயின்ட் அடிக்க வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். கதவைத் திறந்தால் உஸ்தா. பின்னால் ஏணியும் வாளிகளுமாக இரண்டு ஆட்கள். அவருக்கும் நான் அங்கே இருப்பது தெரியாது. “கிஸிம்!” என்று கத்தினார். என் தோழி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஆட்கள் கூடத்தில் ஏணியைப் போட்டு, கூரைக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். உஸ்தா தரையில் முட்டி போட்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரங்களை மெல்லிய பிரஷால் இழுத்தார். அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. மதியம் எல்லோருக்கும் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் கொடுத்தோம். இளைய ஆள் அப்பளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

சாப்பிட்டபின் உஸ்தா டீ கிளாஸோடு பால்கனிக்கு வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கடைசி நாளுக்கு அப்புறம் ஒரு வாரம் வேலைக்கே போகவில்லையாம். பிறகு ஒரு காலையில், வேனில் எல்லோரும் ஏறிய பிறகு, வண்டியைக் கிளப்பாமல், ‘நான் ஆகஸ்டில் ஏணியிலிருந்து விழுந்தேன், இப்போது ஏணி என்றால் பயமாக இருக்கிறது’ என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“யாரும் சிரிக்கல” என்றார். உள்ளே ஏணி மேல் நின்றவனை டீ கிளாஸால் காட்டினார். நல்ல உயரமான, மீசை வைத்த ஆள். “அவன் கேக்கறான், ‘உஸ்தா, உங்களுக்கு இப்பதான் பயமா? நான் ஒவ்வொரு தடவ ஏறும்போதும் கால் நடுங்கிட்டுதான் ஏறறேன், பத்து வருஷமா’ன்னு. இன்னொருத்தன், ‘அப்போ சரி, சீக்கிரம் வண்டிய எடுங்க, லேட்டாச்சு’ங்கறான். அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் பேசல.”

“அப்லா எப்படி இருக்காங்க?”

“அவளா? இப்போ வேலைக்கு விலை பேச என் கூடவே வர்றா. நான் ஒரு நாள்ல முடியும்பேன், அவ ரெண்டு நாள் ஆகும்பா. அவ சொல்றதுதான் நடக்குது.” டீயைக் குடித்து முடித்து, கிளாஸை என் கையில் கொடுத்தார். “உன் மேல ரொம்ப நாள் கோபமா இருந்தேன், தெரியுமா? நான் ஒண்ணு கேட்டேன், நீ வேற ஒண்ணு குடுத்தே.”

“இப்போ?”

அவர் தோளைக் குலுக்கினார். வலது தோளும் இடது தோளும் ஒரே அளவு ஏறி இறங்கின. உள்ளேயிருந்து மீசைக்காரன் அவரைக் கூப்பிட்டான், கூரையில் ஒரு இடத்தில் பழைய பெயின்ட் உரிகிறதாம், சுரண்டணுமா, அப்படியே மேலே அடிக்கலாமா என்று கேட்டான். உஸ்தா நிலைப்படியில் நின்று அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சுரண்டு என்றார். தூள் விழுமே என்று என் தோழி அவசர அவசரமாக அடுப்பின் மேல் ஒரு பேப்பரை விரித்தாள்.